நான் இல்லாத வளைவு

என் நெஞ்சுக்கு நான்கு முறை ஈ.சி.ஜி. எடுத்தார்கள். நான்கு முறையும் நெஞ்சு நன்றாக இருந்தது. அடிபட்டது என் தம்பிக்கு, அதுவும் தலையில். அவன் ஐ.சி.யூ.வில் பேச்சு மூச்சில்லாமல் கிடக்க, கீழே அவசரப் பிரிவில் வீல் சேர் கேட்டுத் தகராறு செய்தவன் நான். கள்ளக்குறிச்சியில் நாங்கள் இருந்த இருபத்தோரு நாட்களை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்த நாட்களில் நான் ஊருக்கெல்லாம் ஒரு கதை சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்டவர்கள் இதையும் கேட்கட்டும்.

எனக்குச் சங்கராபுரத்தில் மைக் செட் கடை. ஆட்டோவின் தலையில் இரண்டு குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போவேன். தேர் பவனி, துணிக்கடைத் திறப்பு, இறுதி ஊர்வலம், எதுவானாலும் என் குரல்தான். நூறாவது தெருவிலும் முதல் தெருவில் சொன்ன மாதிரியே சொல்ல வேண்டும். கேட்கிறவன் நின்று கேட்க வேண்டும். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு உருப்படியாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

தம்பி சாலமோன் என்னைவிட ஆறு வயது இளையவன். கால்நடை ஆய்வாளர். கல்வராயன் மலையில் ஆடு மாடுகளுக்கு ஊசி போடுவது, சினை பார்ப்பது, கன்று இழுப்பது அவன் வேலை. அதிகம் பேச மாட்டான். அவன் பங்கையும் சேர்த்து நான் பேசிவிடுவதால் வீட்டில் கணக்கு சரியாக இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மலையில் கோமாரித் தடுப்பூசி முகாம். ஆட்டோவை எடுத்துக்கொண்டு கரியாலூர் வரைக்கும் வந்து ஊர் ஊராக அறிவிக்கச் சொல்லி ஒரு வாரம் முன்பே கேட்டிருந்தான். நானும் ஒப்புக்கொண்டு, "மலைக்குப் போறேன், மாட்டுக்கெல்லாம் பேசப் போறேன்" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். அன்று காலையில் அவனுக்குப் போன் போட்டு, ஆட்டோ பேட்டரி போய்விட்டது என்றேன். பேட்டரி நன்றாக இருந்தது. கச்சிராயபாளையத்தில் ஒரு கூட்டாளி வீட்டுக் காதுகுத்து; பிரியாணி.

"சரிண்ணே, கை மைக்க நானே எடுத்துக்கினு போறேன். நீ அந்த பேட்டரிய பாரு, வெய்யில்ல தள்ளிக்கினு திரியாத" என்றான். என் பொய்ப் பேட்டரிக்கும் அவன் கவலைப்பட்டான்.

மதியத்துக்குமேல் நடந்தது என்ன என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கரியாலூருக்குக் கீழே ஒரு வளைவில் அவன் பைக் சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் கை மைக், உடைந்த பாட்டில், தம்பி. அருவி பார்க்க வந்த பையன்கள் சிலர் போதையில் கத்திக்கொண்டு இறங்கினார்களாம். எத்தனை பேர், என்ன பேச்சு, யார் கை ஓங்கியது, எதுவும் தெரியாது. மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு இறங்கிய ஒரு பிக்கப் வண்டிக்காரர்தான் அவனைப் பார்த்து நிறுத்தித் தூக்கிப் போட்டுக்கொண்டார். அவன் போனில் கடைசியாக இருந்த எண்ணை அழுத்தினார். அது என் எண். எனக்கு முன்னால் இலை இருந்தது.

பிக்கப் மலையிறங்கிக் கச்சிராயபாளையம் வருவதற்குள் நானும் ரோட்டுக்கு ஓடினேன், 108-ம் வந்துவிட்டது. வண்டி மாற்றும்போது அந்த மனிதர் என் காதருகே வந்து, "அரை மணி நேரமாச்சும் கெடந்திருப்பாருங்க. ரத்தம் காஞ்சி கெடந்திச்சி" என்றார். வண்டியின் பின்பக்கத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவப் போய்விட்டார்.

விசேஷத்துக்குப் போட்டிருந்த வெள்ளைச் சட்டை முழுக்க ரத்தத்தோடு ஆம்புலன்சிலிருந்து இறங்கினேன். ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் கேட்டதற்கு ஒழுங்காகத்தான் பதில் சொன்னேன். நான் பார்க்கவில்லை, நடந்தது தெரியாது, கச்சிராயபாளையத்தில்தான் ஏறினேன். எழுதிக்கொண்டார், கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளில் இருக்கும் நான் யோக்கியன்.

அடுத்த ஐந்து நிமிடத்தில் தம்பி மனைவி ஸ்டெல்லா ஓடி வந்தாள். என் சட்டையைப் பார்த்தாள்.

"மாமா, நீங்க கூட இருந்தீங்களே, ஏசப்பா, அது போதும். இன்னாவாச்சும் பேசுனாரா மாமா?"

நான் மலைக்குப் போகிறேன் என்று ஊருக்கே சொல்லி வைத்தது நான்தானே. இல்லம்மா, நான் அங்கே இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"பேசினாம்மா. உன் பேரதான் சொன்னான்."

அவள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து அழுதாள். அந்த அழுகையில் கொஞ்சம் இளைப்பாறல் இருந்தது. அதைப் பார்த்த பிறகு சொன்னதைத் திரும்ப வாங்குகிற துணிச்சல் எனக்கு வரவில்லை.

ஸ்கேன் எடுத்தார்கள். மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே ரத்தம் தேங்கி மூளையை அழுத்துகிறது, ஓட்டில் துளை போட்டு வடிய விட வேண்டும் என்றார் டாக்டரம்மா. என் மகள் வயதுதான் இருக்கும். நினைவு எவ்வளவு இருக்கிறது என்பதற்கு ஒரு மதிப்பெண் உண்டாம். கண் திறப்பதற்கு, பேசுவதற்கு, சொன்னபடி கையசைப்பதற்குத் தனித்தனியாகப் போட்டுக் கூட்டுவார்களாம். முழுதும் பதினைந்து. ஒன்றுமே இல்லாவிட்டாலும் மூன்று. தம்பி எட்டு. அன்று சாயங்காலம் காத்திருப்போர் பெஞ்சில் உட்கார்ந்து எனக்கு நானே போட்டுப் பார்த்தேன். பதினொன்றுதான் வந்தது.

அறுவை சிகிச்சை முடிந்து ஐ.சி.யூ.வில் வைத்தார்கள். வாயில் குழாய், மூச்சை இயந்திரம் விட்டது. ஒரு வேளைக்கு ஒருவர் பார்க்கலாம், ஐந்து நிமிடம். மீதி நேரமெல்லாம் வராண்டாதான்.

வராண்டாவுக்குச் சொந்தக்காரர்கள் வந்தார்கள். கையில் ஹார்லிக்ஸ், பிரெட், சாத்துக்குடி. மூச்சுக்கே இயந்திரம் வைத்திருக்கிறவனுக்குச் சாத்துக்குடி. பையை என்னிடம் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, எல்லோரும் ஒரே மாதிரி ஆரம்பிப்பார்கள்: "இன்னாதான் ஆச்சி? மொதல்லேருந்து சொல்லு." வராமல் இருந்தால் தப்பு, வந்து கேட்காமல் போனால் பெரிய தப்பு. கேட்டவருக்குச் சொல்லாவிட்டால் அதைவிடப் பெரிய தப்பு. நான் சொன்னேன். முதல் நாளில் அவன் பெயர் சொன்னதோடு நிறுத்தினேன். இரண்டாம் நாள் நான் ஆட்டோவில் பின்னாலேயே வந்து சேர்ந்தேன். மூன்றாம் நாள் அவன் தலை என் மடியில் இருந்தது. நான்காம் நாள், "யார்றா அது!" என்று நான் மைக்கிலேயே சத்தம் போட, பையன்கள் வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தார்கள்.

பக்கத்து பெஞ்சில் பச்சையம்மா என்று ஓர் அம்மா. கரும்பு லோடு ஏற்றும்போது விழுந்த கணவரை ஐ.சி.யூ.வில் விட்டுவிட்டுக் காத்திருந்தார். காலையில் எனக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுப்பார். புதிதாக ஆள் வந்தால் நான் வாயைத் திறக்கும் முன் அவரே முந்திக்கொள்வார்.

"இவுருதான் அண்ணங்காரு. மடிமேல போட்டுக்கினு வந்தாரு. அந்த மடி எடத்த சொல்லுங்கண்ணே!"

"நீயே சொல்லும்மா."

"நீங்க சொன்னாதான் நல்லா இருக்கும். ஆமா, அடிச்சவன் இன்னா சட்டன்னு சொல்லவே இல்லியே நீங்க?"

நியாயமான கேள்வி. இத்தனை பெரிய கதையில் வில்லன் வெறும் உடம்போடு நிற்க முடியாது.

"சிவப்பு" என்றேன்.

"தோ, நெனச்சேன்" என்றார் பச்சையம்மா.

நான் சொல்லி முடித்ததும் வந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கூடப் பொறந்தா இப்படிப் பொறக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்புவார்கள். அவர்கள் படி இறங்கியதும் வராண்டா நீண்டுவிடும். என்னைச் சுற்றி அத்தனை பேர், அத்தனை சாத்துக்குடி. நான் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒருவருக்கும் தெரியாது. சொல்லவும் வழியில்லை. என் மனைவி பிலோமினா புளிசாதம் கட்டி அனுப்புவாள். போனில், "சாப்டீங்களா? தைரியமா இருங்க, நீங்கதான அவங்களுக்கு தைரியம்" என்பாள். அவளிடமாவது சொல்லலாம் என்று ஒவ்வொரு முறையும் தொண்டையைச் சரிசெய்வேன். அவள் பின்னால் மாடு கத்தும். "வெச்சிடறேங்க" என்று வைத்துவிடுவாள். ரத்தம் காய்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நானே யோசிப்பேன். வெயிலில் சீக்கிரம் காயும். நிழலில் நேரம் பிடிக்கும். அந்த வளைவில் மதியத்துக்குமேல் நிழலா வெயிலா என்று தெரியவில்லை.

ஐந்தாம் நாள் நெஞ்சு பிடித்தது. இடது கை மரத்தது, வேர்த்தது, தொண்டையில் கல் வைத்த மாதிரி. சரி, அடுத்து நாம்தான் என்று முடிவு செய்து, என் இறுதி ஊர்வல அறிவிப்பை யார் படிப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே மாடியிலிருந்து இறங்கினேன். அந்த வேலைக்குத் தாலுகாவில் என்னை விட்டால் வேறு நல்ல குரல் கிடையாது. அது வேறு கவலை.

வீல் சேர் கேட்டேன். "நடந்துதான வந்தீங்க?" என்றார் நர்ஸ். படுக்க வைத்து ஜெல்லி தடவிக் கம்பிகளை ஒட்டினார்கள். கோடுகள் ஒழுங்காக வந்தன. இதயத் தசைக்கு அடிபட்டால் ரத்தத்தில் கசிகிற ஒரு பொருள் உண்டாம், அதையும் பார்த்தார்கள். இல்லை. மறுநாளும் போனேன். அதற்கு அடுத்த நாளும். நான்காவது முறை, நர்ஸ் என்னைக் கண்டதும் ஜெல்லியை எடுத்து வைத்துக்கொண்டு கூப்பிட்டார்.

"வாங்க சார். இன்னிக்கி எந்தக் கை?"

"ரெண்டும் சிஸ்டர்."

அன்று டாக்டரம்மா என்னைத் தனியாக உட்கார வைத்தார். இது நெஞ்சு நோய் இல்லை, பதற்றம். உடம்பு ஆபத்து என்று நினைத்துக்கொண்டு இதயத்தை ஓட விடுகிறது, ஓடுவதைப் பார்த்து நீங்கள் இன்னும் பயப்படுகிறீர்கள், அதைப் பார்த்து அது இன்னும் ஓடுகிறது என்றார். நாலு எண்ணிக்கைக்கு மூச்சை இழுத்து ஆறு எண்ணிக்கைக்கு விடச் சொன்னார். "மனசுல ஏதாவது வெச்சிக்கினு இருக்கீங்களா சார்?" என்று கேட்டார்.

"வெச்சிக்கிற ஆளாம்மா நானு? காலைல இருந்து பேசிக்கினேதான இருக்கேன்."

அவர் சிரிக்கவில்லை. என் வாழ்நாளில் அப்படி ஒரு நல்ல கேள்வியை யாரும் கேட்டதில்லை. அதையும் நகைச்சுவை செய்து அனுப்பிவிட்டேன்.

ஒன்பதாம் நாள் தம்பிக்குக் குழாயை எடுத்தார்கள். பதினொன்றாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். மொட்டைத் தலையில் கட்டு, கண் இரண்டும் வீங்கி, ஊரில் வேறு யாருடைய ஜாடையோ அடிக்கிற முகம். ஸ்டெல்லாவை அடையாளம் தெரிந்தது. என்னையும் தெரிந்தது. அன்று காலை பைக் எடுத்தது நினைவிருந்தது. மலை ஏறியது இல்லை.

டாக்டரம்மா எங்களை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். "அடிபட்ட நேரம் அவருக்கு திரும்பி வராமலே போகலாம். அது பரவால்ல. ஆனா மூளைக்கு காலி இடம் பிடிக்காது. மத்தவங்க சொல்றத எடுத்து அங்க வெச்சி, தானே பார்த்ததுன்னு நம்பிக்கும். பாத்து பேசுங்க."

நாங்கள் திரும்பி உள்ளே போவதற்குள் பச்சையம்மா அவன் கட்டிலருகே நின்று கொண்டிருந்தார். அவர் கணவரும் அதே வார்டுக்கு வந்திருந்தார். கதை முக்கால்வாசி முடிந்திருந்தது. மடி வந்துவிட்டது, மைக் வந்துவிட்டது, சிவப்புச் சட்டை ஓடிக்கொண்டிருந்தது. சத்தியமாக, என்னைவிட நன்றாகச் சொன்னார்.

தம்பி என்னைப் பார்த்தான்.

"வந்துட்டியாண்ணே நீ? பேட்டரி?"

அவன் கண்ணில் இருந்த பயத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நாற்பத்தாறு வயது ஆள், கன்று வயிற்றில் குறுக்கே மாட்டிக்கொண்டால் தோள்வரை கையை விடுகிறவன், ஒரு பதிலுக்காக உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"ரெடி பண்ணிட்டேன்டா. பின்னாலயே வந்துட்டேன்."

"தனியா இல்ல அப்ப" என்றான். அப்படியே தூங்கிவிட்டான்.

இரண்டு நாள் கழித்து, காலை ரவுண்ட்ஸ் முடிந்த நேரத்தில் ஏட்டு வந்தார். பெரிய மீசை, சிறிய நோட்டு. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஞாபகம் இருக்கறத மட்டும் சொல்லுங்க சார், அவசரமில்ல" என்றார். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். ஸ்டெல்லா பிளாஸ்கோடு பக்கத்தில்.

தம்பி நிறுத்தி நிறுத்திச் சொன்னான். "நாலு பேரு. ஒருத்தன் சிவப்புச் சட்ட. அவன்தான் பாட்டில ஓங்கினான். அப்புறம் அண்ணன் மைக்ல கத்துனாரு."

ஏட்டு நிமிர்ந்தார். "சிவப்பு, நிச்சயமா தெரியுமா?"

"கண்ணுல நிக்குது சார்."

"ஆளக் காட்டினா சொல்வீங்களா?"

"சொல்வேன்."

ஏட்டுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "கீழ செக்போஸ்ட் கேமராவுல அன்னிக்கி எறங்குனதுல ஒரு சிவப்புச் சட்ட இருக்கான். கூட்டத்தோட புடிச்சி வெச்சிருக்கோம், பையனுக்கு பத்தொம்போது வயசு. நான் அங்க நிக்கவேயில்லன்னு ரெண்டு நாளா அழுதுக்கினு இருக்கான். அவன் ஆத்தா ஸ்டேஷன் வாசல்லயே உக்காந்துக்கினு இருக்கு. இப்ப சரியாப்போச்சி."

நெஞ்சு ஓட ஆரம்பித்தது. நாலுக்கு இழுத்து ஆறுக்கு விட்டேன். இழுத்தது வந்தது, விட்டது வரவில்லை. கீழே போய்ப் படுத்துக்கொள்ளலாம், ஜெல்லி தயாராக இருக்கும் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அந்தப் பையன் அடித்தவனாகவே இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அந்தச் சட்டையைத் தைத்தது நான்.

"ஏட்டய்யா, அத எழுதாதீங்க."

"இன்னா?"

"சிவப்புச் சட்ட நான் சொன்னது. இவன் பாக்கல. நானும் பாக்கல."

ஏட்டு பேனாவை மூடினார். "யோவ், மொத நாளு நீ எழுதிக்குடுத்ததுல பாக்கலன்னுதான இருக்குது?"

"ஆமாங்க. அங்க எழுதினதுதான் நெஜம்."

"அப்ப இங்க சொன்னது?"

"ஆறுதலுக்குங்க."

"யாரு ஆறுதலுக்கு?"

பச்சையம்மா கணவருக்கு ஊட்டிக்கொண்டிருந்த கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டார். நான் தம்பியைப் பார்க்காமல் கட்டில் கம்பியைப் பார்த்துச் சொன்னேன். "பேட்டரி நல்லாத்தான் இருந்திச்சி. நான் கச்சிராயபாளையத்துல சாப்ட்டுக்கினு இருந்தேன். மலைக்கி நான் வரவே இல்ல."

ஏட்டு தாளைக் கிழித்து மடித்துப் பையில் வைத்தார். "மைக் புடிக்கறவன் வாயி" என்று மட்டும் சொல்லிவிட்டு, அடிபட்ட நேரத்து நினைவு இல்லை என்று புதிதாக எழுதி தம்பியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

ஸ்டெல்லா என் முன்னால் வந்து நின்றாள்.

"என் பேர சொன்னாருன்னு சொன்னீங்களே மாமா."

"அதுவும்..."

முடிக்க விடவில்லை. பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் பிடிக்கப் போனாள். பிளாஸ்கில் வெந்நீர் நிறைய இருந்தது.

அதற்குப் பிறகு ஐந்து நாள் தம்பி என்னிடம் பேசவில்லை. போ என்றும் சொல்லவில்லை. காலையில் போவேன், கால்மாட்டு ஸ்டூலில் உட்காருவேன், சாயங்காலம் எழுந்து வருவேன். பச்சையம்மா கஞ்சியை மட்டும் நிறுத்தவில்லை. டம்ளரை நீட்டும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டார். சொந்தக்காரர்கள் வருவது குறைந்தது. வந்தவர்களும் எதுவும் கேட்கவில்லை. பிலோமினாவிடம் நானே போனில் சொன்னேன். "நாளைக்கி இன்னா கொழம்பு கட்டட்டும்?" என்று கேட்டாள். ஆறுதல் சொல்லத் தெரிந்தவள் அவள்தான் என்று முப்பது வருடம் கழித்துக் கண்டுபிடித்தேன்.

அந்தப் பையனை விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். வழக்கு அப்படியே இருக்கிறது. அடித்தது யார் என்பது இதை எழுதும் இன்றும் தெரியாது. தம்பி வீட்டில் இருக்கிறான், நடக்கிறான், சில பெயர்கள் மட்டும் வர மறுக்கின்றன. மலைக்கு அவனை இன்னும் அனுப்பவில்லை. எனக்கு இப்போதும் வாரம் ஒரு முறையாவது நெஞ்சு ஓடுகிறது. இதெல்லாம் பிறகு நடந்தவை. நான் சொல்ல வந்தது பத்தொன்பதாம் நாளைப் பற்றி.

அன்று மதியம் ஸ்டெல்லா மருந்து வாங்கப் போயிருந்தாள். தம்பி கூரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"எவ்ளோ நேரம் கெடந்தேன்?"

"அரை மணி நேரம்னு அந்த வண்டிக்காரரு சொன்னாரு."

"கம்மியா சொல்லிருப்பாரு."

"தெரியலடா."

"யாருமே இல்லியா?"

இருந்தார்கள் என்று சொல்ல ஆயிரம் வழி எனக்குத் தெரியும். ஆடு மேய்த்த ஒருவர் இருந்தார், தண்ணீர் கொடுத்தார் என்று சொல்லலாம். மாதா இருந்தாள் என்று சொல்லலாம். எங்கள் வீட்டில் அதற்குச் சாட்சி கேட்க மாட்டார்கள்.

"யாரும் இல்லடா. தனியாத்தான் கெடந்த."

அவன் கண் ஓரத்தில் நீர் இறங்கிக் காதுக்குள் போனது. துடைக்கவில்லை. நானும் துடைக்கப் போகவில்லை. அது அவனுடையது, அதிலும் நான் கை வைக்கக் கூடாது என்று தோன்றியது. அப்போதுதான் எனக்கு நெஞ்சு பிடித்தது. கல், வேர்வை, இடது கை. ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கதவைப் பார்த்தேன்.

"இன்னா, வந்துடுச்சா உனக்கு?" என்றான் தம்பி. என் நான்கு ஈ.சி.ஜி. கதையையும் ஸ்டெல்லா சொல்லியிருப்பாள் போல.

"வந்துடுச்சி."

"கைய குடு."

கொடுத்தேன். மணிக்கட்டைத் திருப்பி, மாட்டுத் தாடைக்கடியில் நாடி பார்க்கிற மாதிரி மூன்று விரலை அழுத்தி வைத்தான். எதிர்ச்சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

"ஒரு மாடு இப்படி அடிச்சா ஜுரம்னு எழுதிடுவேன்" என்றான். சிரிப்பு இல்லை. உதடு மட்டும் அசைய எண்ண ஆரம்பித்தான். ஒன்று, இரண்டு, மூன்று. இருபத்தேழு வரை வந்து நின்றுவிட்டான். அடுத்தது என்ன என்று அவனுக்கு வரவில்லை. நெற்றி சுருங்கியது. கண் என் பக்கம் திரும்பியது.

இருபத்தெட்டு என் நாக்கு நுனியில் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

விரலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டு மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தான்.